சான்றிதழ் இருந்தது என்பதற்காகச் சோதனை நடந்தது என்று ஆகிவிடாது

நேற்று மாலை வெளிவந்த அந்த அறிக்கையை நானும் படித்தேன். ஓர் ஆலையில் ஸ்லிங் (பாரத்தைக் கட்டித் தூக்கும் பட்டை அல்லது கயிறு) அறுந்து பாரம் விழுந்த விபத்துக்கு ஊழியரின் கவனக்குறைவே காரணம் என்றும், கருவிகளுக்கெல்லாம் நடப்புச் சான்றிதழ் இருந்தது என்றும் நிர்வாகம் இரண்டே வரிகளில் முடித்துக்கொண்டது. அதைப் பகிர்ந்தவர்களில் பலர், காலில் கட்டுடன் படுத்திருக்கும் அந்த இளைஞரைப் பார்த்து, பாரத்துக்கு அடியில் ஏன் போய் நின்றாய் என்று கேட்டிருந்தார்கள். இரவு முழுவதும் அந்தக் கேள்வி என்னை உறுத்தியது.

கிரேன், பாரத்தை மேலே ஏற்றும் ஹாய்ஸ்ட், சங்கிலியை இழுத்துத் தூக்கும் செயின் பிளாக், அவற்றில் மாட்டும் ஸ்லிங், ஷாக்கிள் என்ற இணைப்பு வளையம், ஹூக் என்று பாரம் தூக்கும் பொருள் எதுவானாலும், அதை உரிய காலத்தில் தகுதியுள்ள ஒருவரைக் கொண்டு முழுமையாகச் சோதிக்கச் செய்ய வேண்டியவர் முதலாளி. இதை நானாகச் சொல்லவில்லை. ஹாய்ஸ்ட்டையும் லிஃப்டையும் 6 மாதத்துக்கு ஒரு முறையேனும், கிரேன், சங்கிலி, கயிறு போன்றவற்றை 12 மாதத்துக்கு ஒரு முறையேனும் சோதித்துப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்று இந்தியாவின் தொழிற்சாலைகள் சட்டம் 1948இலேயே சொல்லிவிட்டது. பிரிட்டனின் 1998ஆம் ஆண்டு விதிகளோ, தனியாகச் சோதனைத் திட்டம் எதுவும் வகுக்கப்படாத இடங்களில், ஆட்களைத் தூக்கும் கருவிகளோடு ஸ்லிங், ஷாக்கிள் போன்ற துணைக் கருவிகளையும் 6 மாதக் கணக்கில் சேர்த்துவிட்டன. தரையில் இழுபட்டு, வெல்டிங் பொறி பட்டு, கூரிய விளிம்பில் மடங்கி முதலில் தேய்வது அந்தச் சின்னப் பொருள்கள்தான் என்பது வேலை செய்த எவருக்கும் தெரியும்.

"சான்றிதழ்தான் இருந்ததே, இன்னும் என்ன வேண்டும்?" என்று கேட்பீர்கள். அந்தத் தாள், சோதித்த நாளன்று கருவி எப்படி இருந்தது என்பதை மட்டுமே சொல்லும். மறுநாளே ஸ்லிங் பெல்ட்டில் ஒரு வெட்டு விழுந்தால் அதற்கு அந்தத் தாள் பொறுப்பேற்காது. கம்பிக் கயிறு இன்னும் மோசமானது. வெளியே கிரீஸ் பூசி மினுமினுவென்று இருக்கும்போதே உள்ளே நடு இழை மக்கிப் போயிருக்கும். விட்டம் குறைந்திருக்கிறதா என்று யாராவது மேலே ஏறி அளவுகோலை வைத்துப் பார்த்தால்தான் தெரியும். அப்படி ஏறிப் பார்க்காமல் போட்ட கையெழுத்து வெறும் மை. ஏறிப் பார்த்துக் குறையை எழுதிக் கொடுத்த பிறகும் கருவியை ஓடவிட்டால், அது முதலாளி தெரிந்தே செய்த தவறு.

நான் பராமரிப்புப் பிரிவில் இருந்தபோது, சோதிக்க வந்த ஒருவர் அலுவலக அறையை விட்டு வெளியே வராமலே, போன வருட அறிக்கையை எடுத்து வைத்துக்கொண்டு, ஒன்பது கிரேன்களுக்கும் ஒரு மணி நேரத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். மூன்றாம் எண் கிரேனின் கயிறு அப்போதே ஓரிடத்தில் இழை பிரிந்து கூண்டுபோல் புடைத்திருந்தது. அன்றன்றைய குறைகளை எழுதிவைக்கும் ஷிப்ட் லாக் புத்தகத்தில் மூன்று முறை எழுதினேன். மூன்று முறையும், பராமரிப்புக்காக ஆலையை நிறுத்தும் அடுத்த ஷட்டவுனில் பார்த்துக்கொள்ளலாம் என்ற பதில் வந்தது. ஷட்டவுனுக்குப் பதினோரு நாள் இருக்கும்போது கயிறு அறுந்து, கீழே நின்ற ரிக்கரின் (பாரத்தைக் கட்டி மாட்டும் தொழிலாளியின்) கால் நசுங்கியது. விசாரணையில் அவரிடம் கேட்ட முதல் கேள்வி, நீ ஏன் அங்கே நின்றாய் என்பதுதான். என் லாக் புத்தகத்தை யாரும் கேட்கவில்லை. வேலை போய்விடும் என்ற பயத்தில் நானும் எடுத்து நீட்டவில்லை.

தொழிலாளியும் பார்த்துத்தானே எடுக்க வேண்டும் என்பீர்கள். ஆம், எடுக்குமுன் கண்ணால் பார்ப்பது அவர் வேலைதான், மறுக்கவில்லை. ஆனால் பார்த்துவிட்டு, இது ஆகாது, நிறுத்துங்கள் என்று அவர் சொன்னால் உங்கள் ஆலையில் கிரேன் நிற்குமா? அளவுக்கு மீறித் தூக்கியிருப்பார் என்றும் ஒருவர் எழுதியிருக்கிறார். ஒரே கொக்கியிலிருந்து இரண்டாகப் பிரிந்து பாரத்தைப் பிடிக்கும் இரண்டு கால் ஸ்லிங் கிடைமட்டத்திலிருந்து 30 பாகைக் கோணத்தில் விரிந்தால், ஒவ்வொரு காலும் பாதிப் பாரத்தை அல்ல, முழுப் பாரத்தின் அளவு இழுவிசையைத் தாங்குகிறது. இதை அவருக்கு யார் கற்றுக்கொடுத்தீர்கள்? ஸ்லிங்கில் பாதுகாப்பான பாரத்தின் அளவு படிக்கும்படியாகவாவது இருந்ததா?

வாடகைக் கிரேன், சின்னக் கம்பெனி, செலவு என்பதெல்லாம் எனக்குக் காரணங்களாகவே தெரியவில்லை. சோதிக்கப் பணமில்லையென்றால் தூக்காதீர்கள்.

தொழிலுக்கே எதிராகப் பேசுகிறேன் என்று சிலர் சொல்வார்கள். அந்தத் தொழிலில்தான் என் தலைமுடி நரைத்தது. நிர்வாகத்தின் வார்த்தை அறிக்கையாகிவிடுகிறது. மேலே ஏறி இறங்குகிறவனின் வார்த்தை புகாராகக்கூட ஆவதில்லை. வருத்தம் தெரிவித்து ஒரு வரி எழுதியிருந்தால்கூட நான் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன்.

நேற்றிரவு அந்தப் பழைய ரிக்கர் தொலைபேசியில் அழைத்தார். அவரும் அறிக்கையைப் படித்திருந்தார். தம் காலைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. "அந்தத் தம்பி தூக்கின ஸ்லிங்கைப் பத்தியும் யாராவது லாக் புத்தகத்துல எழுதி வச்சிருப்பாங்களா சார்?" என்று கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

அந்த ஆலையின் பராமரிப்புப் பிரிவில் இருப்பவர் யாராவது இதைப் படித்தால், அந்தப் பக்கத்தை விசாரணை அதிகாரியின் மேசையில் கொண்டுபோய் வையுங்கள். நான் அன்று வைக்கவில்லை.