துண்டுக்கடியில் விரல்

ஈரோடு கருங்கல்பாளையம் மாட்டுச் சந்தைக்குப் போனவர்களுக்குத் தெரியும். தரகர் கைமேல் துண்டைப் போட்டு, உள்ளே விரலைப் பிடித்து விலை பேசுவார். விலைதான் ரகசியம். அவர் தரகர் என்பது டீக்கடைக்காரர் வரைக்கும் தெரியும்.

போன மாதம் மாமாவின் எண்ணெய் மில்லுக்கு ஒரு அனுமதி வாங்க, அவரோடு ஒரு அரசு அலுவலகத்துக்குப் போயிருந்தேன். காலையிலிருந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். பதினோரு மணி வாக்கில் ஒரு முன்னாள் எம்.எல்.ஏ. வந்தார், பின்னாலேயே ஃபைலோடு ஒரு கம்பெனி ஆள். நேராக உள்ளே போய்விட்டார்கள்.

"ஏனுங் மாமா, இவரு தோத்தவரு தானுங்?"

"தோத்தது ஓட்டுல மாப்ளே. உள்ள உக்காந்திருக்கறவரு இவரு காலத்துல இங்க வந்தவரு."

இதுவும் தரகுதான், தரகர் யார் என்பதுதான் வெளியே தெரியாது. காசு வாங்கிக்கொண்டு ஒருவருக்காக அரசிடம் பேசுகிறவருக்கு அமெரிக்காவில் லாபியிஸ்ட் என்று பெயர், அந்த வேலை லாபியிங். 1995 சட்டப்படி பதிவு செய்து, யாருக்காகப் பேசுகிறோம், எவ்வளவு பணம் என்று காட்ட வேண்டும். பதவியை விட்டவுடன் இதில் இறங்கவும் முடியாது. 2007 சட்டப்படி, அவர்கள் நாடாளுமன்றத்தின் மேல்சபையான செனட்டில் இருந்தவருக்கு 2 ஆண்டு தடை, கீழ்சபையான பிரதிநிதிகள் சபைக்காரருக்கு 1 ஆண்டு. ஃப்ளோரிடா மக்கள் 2018-ல் ஓட்டுப் போட்டு, தங்கள் மாநிலத்தில் அதை 6 ஆண்டாக்கினார்கள். அங்கேயும் சந்து உண்டு. தானே தொடர்பு கொண்டு பேசினால்தான் தடை. பின்னால் உட்கார்ந்து யாரிடம் எப்படிப் பேசலாம் என்று சொல்லிக் கொடுத்தால் 'ஆலோசகர்'. செனட்டில் தன் கட்சிக்கே தலைவராக இருந்த டாம் டாஷல் 2004-ல் தோற்று, ஒரு சட்ட நிறுவனத்தில் ஆலோசகரானார். லாபியிஸ்ட் என்று பதிவு செய்தது 2016-ல்!

நம் ஊரில் ஐ.ஏ.எஸ். அதிகாரி ஓய்வு பெற்ற 1 ஆண்டுக்குள் தனியார் வேலையில் சேர அரசு அனுமதி வேண்டும். உச்ச நீதிமன்ற நீதிபதி ஓய்வுக்குப் பின் எந்த நீதிமன்றத்திலும் வாதாடக் கூடாது என்று அரசியல் சாசனமே, 124(7)-ல், சொல்கிறது. சட்டசபையில் கை தூக்கியவருக்கு மட்டும் எதுவும் கிடையாது. லாபியிங் என்ற தொழிலையே நம் சட்டம் ஒப்புக்கொள்ளவில்லை, அப்புறம் எங்கிருந்து தடை வரும்?

என்னைக் கேட்டால், முதலில் பதிவு. அப்புறம் 5 ஆண்டு தடை, அதாவது ஒரு முழு சட்டசபைக் காலம். 1 ஆண்டெல்லாம் வேடிக்கை. அவர் கொண்டுவந்து உட்கார வைத்த அதிகாரிக்கு அதற்குள் மாறுதல்கூட வராது. 'ஆலோசகர்' என்ற சந்து வழியையும் சேர்த்து அடைக்க வேண்டும்.

முதியோர் பென்ஷன் நின்றுபோன ஆத்தாவைக் கூட்டிக்கொண்டு தாலுகா ஆபீஸ் படியேறுகிற முன்னாள்களும் இருக்கிறார்கள். அவர்களைத் தடுக்கச் சொல்லவில்லை. யாருக்காகவும் பேசட்டும், காசு வாங்கிக்கொண்டு பேசுவதுதான் பிரச்சினை. தோற்றவர் பிழைக்க வேண்டாமா என்று கேட்பீர்கள். ஓய்வூதியம் இருக்கிறது. போக, தறியோ தோப்போ கோழிப்பண்ணையோ இல்லாத முன்னாளை இந்தப் பக்கம் நான் பார்த்ததில்லை.

மாமாவை அடுத்த வாரம் வரச் சொல்லிவிட்டார்கள். திரும்பி வரும்போது, "நாமளும் அவரப் புடிச்சுப் பாக்கலாமா மாப்ளே?" என்றார். வேண்டாமுங்க மாமா என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.