முதலில் ரயரையும் பிரேக்கையும் பாருங்கள்

பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கியவர் முதல் வேலையாகச் சைலன்சரையும் சக்கரங்களையும் மாற்றலாம் என்று பழைய கார் பற்றிய கட்டுரையொன்றில் சொல்லப்பட்ட யோசனையை, கிளிநொச்சியில் வாகனம் திருத்துபவன் என்ற முறையில் என்னால் ஏற்க முடியவில்லை. ரயரின் பூ (தரையைப் பற்றும் வரிப்பள்ளம்) ஆழமாக இருக்கிறதே என்று ஏமாறக் கூடாது. பக்கச் சுவரில் 2314 என்று இருந்தால் அது 2014ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்யப்பட்டது, வயதால் ரப்பர் இறுகிப்போன அதை நம்பி ஏ9 வீதியில் வேகமெடுப்பது ஆபத்தை விலைக்கு வாங்குவதாகும். பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி, சூடேறும்போது எளிதில் கொதித்து மிதியைத் தளர்த்திவிடும் என்பதால், விற்றவர் என்ன சொன்னாலும் அதை மாற்றிவிடுங்கள்.

மஸ்டா ஆர்.எக்ஸ். 8 வாங்குபவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். பிஸ்டனுக்குப் பதிலாக முக்கோணச் சுழலி சுற்றும் அதன் சுழல் இயந்திரம் தன் அமைப்பின்படியே சிறிது ஒயிலை எரிக்கும். ஆகவே பெற்றோல் அடிக்கும்போதெல்லாம் ஒயில் அளவுகோலை இழுத்துப் பார்ப்பது அவசியம். வளவுக்குள் நிழலுக்கு நகர்த்துவதற்காகக் குளிர்ந்த இயந்திரத்தை இயக்கி உடனே நிறுத்தினால், எரியாத பெற்றோல் உள்ளே தேங்கி, அடுத்த முறை இயங்க மறுக்கும். அந்த இயந்திரத்தின் உள் அமுக்கத்தை (கம்பிரஷன்) அளப்பதற்குச் சாதாரணக் கருவி போதாது. அதற்குரிய கருவி உள்ள கராஜில் சோதித்த பின்னரே முற்பணம் கொடுங்கள்.

நம்முடைய கிறவல் ஒழுங்கைகளில் ஓடும் காருக்குக் கையேடு சொல்லும் தவணைக்கு முன்னரே காற்று வடிகட்டியை மாற்ற வேண்டியிருக்கும். பதிவுப் புத்தகத்தில் லீசிங் நிறுவனத்தின் பெயர் நீக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்கும்படியும் கட்டுரை சொல்லியிருக்கலாம்.