வௌவாலைக் கலைத்தால் நிபா வராதாம்!

குளக்கட்டு மருத மரத்தில் தொங்கும் வௌவால்களை வெடி கொளுத்திக் கலைத்தால் நிபா (வௌவாலில் இருந்து மனிசருக்குத் தொற்றும் வைரஸ் நோய்) வராது என்று மாங்குளம் பக்கம் வாட்ஸ்அப்பில் ஒரு குரல்பதிவு சுற்றுகிறது. பிழை.

உகண்டாவின் கிடாகா சுரங்கத்தில் 2007 இல் வௌவாலால் பரவும் இன்னொரு கொடிய வைரஸான மார்பர்க் ஆட்களுக்குத் தொற்றியதும் வௌவால்களை அடியோடு அழித்தார்கள். கொஞ்ச வருசத்தில் புதுக் கூட்டம் வந்து குடியேறியது, அதில் தொற்று முந்தியதைவிட இரண்டு மடங்குக்கு மேல், 2012 இல் அந்தப் பக்கத்துச் சனத்துக்கே மறுபடி நோய் வந்தது.

நிபா பங்களாதேஷில் பெரும்பாலும் பரவியது பச்சை ஈச்சஞ்சாற்றால். இரவில் வௌவால் வந்து நக்கும், முட்டிக்குள் மூத்திரமும் பெய்யும். சீவிய இடத்தை மூங்கில் தட்டியால் மூடினால் கிட்ட வராது என்று அங்கே சோதித்தும் பார்த்தார்கள். சரி, எங்கட பனை முட்டியையும் மூடிக் கட்டலாமே? வௌவால் கடித்த மாம்பழத்தை, அந்தப் பக்கத்தை வெட்டிப்போட்டுத் தின்னலாம் என்று அப்பு சொன்னாலும், எறிந்துவிடுங்கள்.