அதைப் பொம்மை என்று சொல்லாதீர்கள்

நேற்றைய சண்டையைப் பார்த்தவர்களுக்கு முழுக்கதையும் சொல்லத் தேவையில்லை. "ஸ்னோபோர்டைக் கண்டுபிடித்தவர் ஜேக் பர்ட்டன்" என்று ஒரு காணொளி. ஸ்னோபோர்டு என்றால் நின்றபடி பனியில் சறுக்கும் ஒற்றைப் பலகை. அவருக்கு முன்னாலேயே ஷெர்மன் பாப்பன் அப்படியொரு பலகையைச் செய்துவிட்டார் என்று கீழே எழுதினேன். "அது வெறும் பொம்மைங்க" என்று பதில் வந்தது. அதற்கு வரிசையாகச் சிரிப்புக் குறிகள்.

1965 கிறிஸ்துமஸ் அன்று மிச்சிகன் மாநிலத்து மஸ்கீகனில், மகள்கள் விளையாடுவதற்காக இரண்டு பனிச்சறுக்குக் கட்டைகளைச் சேர்த்துப் பிணைத்தார் பாப்பன். அலைச்சறுக்கில் நிற்பதுபோல அதில் நின்றபடியே பனிமேட்டில் இறங்கலாம். 'ஸ்னர்ஃபர்' என்று பெயர் வைத்தது அவர் மனைவி நான்சி. பிரன்ஸ்விக் நிறுவனம் அதைத் தயாரித்து, லட்சக்கணக்கில் விற்றது. 1968இலேயே மஸ்கீகனில் போட்டி நடந்தது. வெறும் பொம்மைக்கு யார் போட்டி வைப்பார்கள்?

பர்ட்டனே சிறுவயதில் ஸ்னர்ஃபரில் நின்று பழகியவர்தான். அதை அவர் ஒருநாளும் மறைத்ததில்லை. மறைப்பது நீங்கள்தான்.

"அப்போ பர்ட்டன் ஒன்றுமே செய்யலையா?" என்று கேட்பீர்கள். செய்தார், நிறையவே செய்தார். 1977இல் வெர்மான்டில் ஸ்னோபோர்டு கம்பெனி தொடங்கினார். 1979இல் ஸ்னர்ஃபர் போட்டிக்குக் காலைப் பிணைக்கும் பட்டை வைத்த பலகையோடு போய் நின்றார். மற்றவர்கள் ஆட்சேபித்ததால் அவருக்காகத் தனிப்பிரிவு திறந்தார்கள். பெரும்பாலான பனிச்சறுக்கு மையங்கள் ஸ்னோபோர்டுக்காரர்களை உள்ளேயே விடாத காலத்தில், வெர்மான்டின் ஸ்ட்ராட்டன் மலையின் கதவைத் திறக்க வைத்ததில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. எல்லாம் சரி. ஆனால் தொழிலை வளர்த்தவர் வேறு, தொடங்கி வைத்தவர் வேறு.

"டாம் சிம்ஸ் 1963லேயே பள்ளி மரவேலை வகுப்பில் இதுமாதிரி பலகை செய்தாரே?" அவரையும் சொல்லுங்கள். யூட்டாவில் 'விண்டர்ஸ்டிக்' என்ற பெயரில் ஸ்னோபோர்டு செய்த மிலோவிச்சையும் சொல்லுங்கள். ஒரே ஒரு பெயரைச் சொல்லாதீர்கள் என்றுதானே நானும் கேட்கிறேன்!

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று நண்பர் ஒருவர் உள்பெட்டியில் கேட்டார். சொல்கிறேன். அம்மா அரைக்கும் பருப்புப்பொடிக்கு எங்கள் தெருவே அடிமை. பக்கத்து வீட்டுக்காரர் பக்குவம் கேட்டார், அம்மா அளவு முதற்கொண்டு எழுதிக் கொடுத்தாள். இரண்டே வருடத்தில் அது பாக்கெட்டில் கடைக்கு வந்தது, அவர்கள் வீட்டுப் பெயரோடு. நான் போய்க் கேட்டபோது, "உங்கம்மா செஞ்சது வீட்டுப் பொடிம்மா, இது தொழில்" என்றார்கள். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், அவ்வளவுதான்.

வீட்டில் பிறந்தது என்றால் உங்களுக்கு அவ்வளவு இளக்காரமா? பெயர் வைத்தவள் மனைவி என்றால் கணக்கிலேயே வராதா? அந்தக் காணொளியில் நான்சியின் பெயர் ஒருமுறைகூட வரவில்லை. ஒருமுறைகூட.

இன்று காலை பார்த்தால் என் பின்னூட்டத்தையே நீக்கியிருக்கிறார்கள். அதனால் இங்கே எழுதி வைக்கிறேன்: 1965, மஸ்கீகன், ஷெர்மன் பாப்பன், நான்சி பாப்பன்.