ஏசி 21 இருந்தும் என்னை யாரும் அடிக்கவில்லை

டைஸ் உருட்டிக் கதாபாத்திரமாக ஆடும் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டில் முன்வரிசைக்கு ஓர் ஆள் தயார் செய்கிறேன் என்று சொல்லிப் பாருங்கள். உடனே வரும் கேள்வி, "ஏசி எவ்வளவு?" (குளிரூட்டி இல்லை, ஆர்மர் கிளாஸ்: நம்மேல் அடி பட எதிரி டைஸில் தொடவேண்டிய எண்.) நானும் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் என் ஃபைட்டரை, அதாவது போர்வீரனை, செய்தேன். பிளேட் கவசத்துக்கு 18, கேடயத்துக்கு 2, டிஃபென்ஸ் என்ற சண்டைப் பாணிக்கு 1. மொத்தம் 21. கவசத்தின் விலை 1,500 பொற்காசு. குழுவில் எல்லோரிடமும் கடன் வாங்கித்தான் மாட்டிக்கொண்டேன்.

ஐந்தாம் லெவலில் ஆர்க் என்ற அரக்க ஜந்துக்கள் நாலு வந்தன. மண்டபத்தின் நடுவில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன். முதல் ஆர்க் என்னைக் கடந்து ஓடியபோது ஒரு வெட்டு போட்டேன். பட்டது, சாகவில்லை. நம் முறை இல்லாதபோது அடிக்க ஒரு சுற்றுக்கு ஒரு ரியாக்‌ஷன்தானே, தீர்ந்தது. மீதி மூன்றும் சாவகாசமாக என்னைத் தாண்டிப் போய் எங்கள் மந்திரவாதியான விசார்டைச் சூழ்ந்துகொண்டன. இரண்டாம் சுற்று முடிவதற்குள் அவன் தரையில். என் மேல் ஒரு கீறல் இல்லை.

"என்னை ஏன்டா ஒருத்தனும் அடிக்கல?" என்று கடுப்பில் கேட்டேன். ஆட்டத்தை நடத்தும் டிஎம் டைஸை உருட்டிக்கொண்டே, "உன்னை அடிச்சா அதுங்களுக்கு என்ன லாபம்?" என்றான்.

ஆர்க் பக்கம் உட்கார்ந்து கணக்குப் போட்டால் அவன் சொன்னது சரிதான். ஆர்க் அடிக்கும்போது டைஸில் விழுவதோடு 5 கூட்டிக்கொள்ளும். என்னைத் தொட டி20 என்ற இருபது முக டைஸில் 16 விழவேண்டும், அதாவது நூற்றுக்கு 25 வாய்ப்பு. ஏசி 12-ஓடு நிற்கும் விசார்டுக்கு 7 விழுந்தாலே போதும், நூற்றுக்கு 70. நானே ஆர்க்காக இருந்தாலும் அங்கேதான் ஓடியிருப்பேன்.

அன்றிலிருந்து என் கருத்து இதுதான்: எதிரி தாண்டிப் போகமுடியாதபடி, அல்லது தாண்டிப் போக மனசு வராதபடி முதலில் ஆளைச் செய்யுங்கள். கவசத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

தாண்டமுடியாமல் செய்ய செண்டினல் என்ற ஃபீட், அதாவது சிறப்புத் திறன், இருக்கிறது. விலகி ஓடுகிறவன் மேல் உங்கள் அடி பட்டால் அந்த டர்னில் அவன் வேகம் பூஜ்யம், நின்ற இடத்திலேயே நிற்பான். அடி வாங்காமல் விலகும் டிஸ்எங்கேஜ் போட்டும் தப்பமுடியாது. கூடவே போல்ஆர்ம் மாஸ்டர் ஃபீட்டும் ஹால்பெர்ட் என்ற நீளக் கோடாரியும் சேர்ந்தால், 10 அடி வட்டத்துக்குள் கால் வைக்கும்போதே அடி. பட்டால் அங்கேயே நிறுத்தம். (2014 விதிகளைச் சொல்கிறேன். 2024 புத்தகத்தில் போல்ஆர்ம் மாஸ்டரைத் திருத்தியிருக்கிறார்கள்.) ஃபைட்டருக்கு 4, 6 இரண்டு லெவலிலும் ஃபீட் எடுக்க வழி இருப்பதால் இது சீக்கிரமே கைகூடும். கேடயத்தைக் கீழே வைக்கவேண்டும், ஏசி 19 ஆகும், ஆர்க்கின் வாய்ப்பு 25-இலிருந்து 35 ஆகும். கண்ணை மூடிக்கொண்டு அந்தப் பத்தைக் கொடுப்பேன்.

மனசு வராமல் செய்வதில் வெறியோடு சண்டை போடும் பார்பேரியன்தான் ராஜா. இரண்டாம் லெவலிலேயே தற்காப்பை விட்டு அடிக்கும் ரெக்லெஸ் அட்டாக் வந்துவிடும். நமக்கும் அட்வான்டேஜ் (இரண்டு டைஸ் உருட்டிப் பெரியதை எடுப்பது), நம்மை அடிக்கிறவனுக்கும் அட்வான்டேஜ். பலவீனம் என்று பலர் இதை ஒதுக்குகிறார்கள், எனக்கு அது தூண்டில். "வா, என்னை அடிக்கிறதுதான் சுலபம்" என்று கூப்பிட்டுவிட்டு, ரேஜ் என்ற வெறியில் வெட்டு, குத்து எல்லாவற்றையும் பாதியாக வாங்கிக்கொள்ளலாம்.

இன்னொன்று, மனவலிமைக்கான விஸ்டமுக்கு 8 போட்டுவிட்டு வராதீர்கள். நான் போட்டேன். கல்ட் ஃபனாட்டிக் என்ற சாதாரணப் பூசாரி ஆளை உறையவைக்கும் ஹோல்ட் பெர்சன் மந்திரம் போட்டான். அதைத் தாங்க டைஸில் 11 எடுக்கவேண்டும், எனக்கோ -1. உறைந்துபோனேன். உறைந்தவன் மேல் பக்கத்திலிருந்து பட்ட அடி எல்லாமே கிரிட்டிக்கல்தான், இரட்டை டைஸ் சேதம். அந்த 21 ஏசி அன்றைக்கு வெறும் தகரம்.

இப்போது அதே ஃபைட்டர் ஹால்பெர்டோடு நிற்கிறான். போன ஆட்டத்தில் ஓகர் என்ற ராட்சத ஜந்து விசார்டை நோக்கிப் பாய்ந்தது, பத்தடியில் நிறுத்தினேன். கோபம் முழுக்க என் பக்கம் திரும்பியது. மூன்றாம் சுற்றில் நான் தரையில். விசார்ட் ஓடிவந்து ஹீலிங் போஷனை என் வாயில் ஊற்றினான். ஊற்றிவிட்டு, பிளேட் கவசக் கடன் எப்போது வரும் என்று கேட்டான்.