அந்தக் கரும்புள்ளி கண்மணி அல்ல
கும்பிடுபூச்சி பற்றிய கட்டுரையில், அதன் கண்ணில் தெரியும் கரும்புள்ளியைக் கண்மணி என்றும், அது நம்மையே பின்தொடர்கிறது என்றும் கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். அது கண்மணி அல்ல. பூச்சியின் பெரிய கண் பல சிற்றறைகள் சேர்ந்த கூட்டுக்கண்; அந்த அறைகளில் நம்மை நேராக நோக்குபவை ஒளியை உள்வாங்கிக்கொள்வதால் அந்த இடம் மட்டும் கருப்பாகத் தெரிகிறது. கேமராவை எங்கே நகர்த்தினாலும் புள்ளியும் கூடவே வரும்.

கடலூர் மஞ்சக்குப்பத்தில், எங்கள் வீட்டுச் செம்பருத்தியில் ஒரு வாரமாக ஒரு கும்பிடுபூச்சி இருக்கிறது. தரையில் உட்கார்ந்து அதன் கண்மட்டத்துக்கு இறங்கினால்தான் முகம் படத்தில் விழுகிறது. பெரிய கண்கள் இரண்டுக்கும் நடுவே மூன்று சிறு கண்கள் இருப்பதை அப்படித்தான் பார்த்தேன், என்ன அழகு! பகலில் பச்சையாக இருக்கும் கண் இரவில் முழுவதும் கருத்துவிடுகிறது.

நேற்று ஒரு கிளையில் நுரை இறுகியது போன்ற கும்பிடுபூச்சி முட்டைக்கூடு. கவாத்து செய்கிறவர்கள் தயவுசெய்து அதை வெட்டி எறியாதீர்கள். வெட்டித்தான் ஆகவேண்டுமென்றால் அந்தக் குச்சியை வேறொரு செடியில் கட்டிவிடுங்கள்.