என் படிப்பு உங்களுக்கு என்ன கெடுதல் செய்தது?

"உங்கள் தகுதிக்கு இந்த வேலை சரிப்படாது சார், நிலைக்க மாட்டீர்கள்." நேர்முகத்துக்குப் போகும் கம்பெனிகளிலெல்லாம் இதையே கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. நிலைப்பேனா மாட்டேனா என்று என்னிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா?

பினாங்கில், பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் பல வருடம் புரோசஸ் எஞ்சினியராக இருந்தவன் நான். உற்பத்தி லைனையே மூடினார்கள், வெளியே வந்தேன். வேலை போனவர்களுக்கு சொக்சோ என்ற சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தின் உதவித்தொகை உண்டு, மறுக்கவில்லை. ஆனால் முதல் மாதம் சம்பளத்தில் 80 விழுக்காடு, அடுத்த மாதம் 50, அப்புறம் 40, 30 என்று இறங்கி, அதிகம் போனால் ஆறு மாதத்தில் நின்றுவிடும். வீட்டுக் கடன் அப்படி இறங்குமா? அதனால்தான் டெக்னீஷியன், கியூசி என்கிற தரச் சோதனை, ஸ்டோர் கிராணி என்று எது வந்தாலும் விண்ணப்பம் போடுகிறேன்.

போன வாரம் ஒரு ஸ்டோர் வேலைக்கு நேர்முகம். எச்.ஆர். அம்மா என் ரெசுமேயில் 'மாஸ்டர்ஸ்' என்ற வரியில் வைத்த பேனாவை எடுக்கவே இல்லை. ஸ்டாக் கணக்கு பார்த்திருக்கிறீர்களா, ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுவீர்களா, எதுவும் கேட்கவில்லை. பழைய சம்பளம் எழுதிய கட்டத்தைப் பார்த்துவிட்டு, "இதில் பாதிகூட எங்களால் தர முடியாதே" என்றார். தெரிந்துதானே வந்தேன்! பக்கத்துக் கட்டத்தில், எதிர்பார்க்கும் சம்பளம் என்ற இடத்தில், நீங்கள் விளம்பரத்தில் போட்ட அதே தொகையை என் கையால் எழுதியிருந்தேனே, அது கண்ணில் படவில்லையா?

ஆறு மாதத்தில் ஓடிவிடுவேனாம். நேற்று டிப்ளோமா முடித்த பையன் மட்டும் ஓய்வு பெறும்வரை இருப்பானா? ஒப்பந்தத்தில் எழுதாவிட்டாலும், இரண்டு வருடத்துக்குள் விலகுகிறவர் நான்கு வார நோட்டீஸ் தர வேண்டும் என்று வேலைச் சட்டமே சொல்கிறது. அதற்குமேல் யாரிடமும் எந்த உத்தரவாதமும் இல்லை. லைனை மூடிய கம்பெனி எனக்கு என்ன உத்தரவாதம் தந்தது?

புகார் செய்யலாம் என்றால் அதற்கும் வழியில்லை. 2023 ஜனவரியில் நடப்புக்கு வந்த வேலைச் சட்டத் திருத்தத்தில் பாகுபாடு பற்றி ஒரு பிரிவு சேர்த்தார்கள். படித்துப் பார்த்தேன். ஊழியருக்கும் அவருடைய முதலாளிக்கும் இடையிலான தகராறைத்தான் அது பேசுகிறது. வாசலிலேயே திருப்பி அனுப்பப்படுகிறவன் யாருக்கும் ஊழியனில்லையே!

"மாமா, அந்த டிகிரியை ரெசுமேயிலிருந்து எடுத்துடுங்க" என்கிறான் அக்கா மகன். நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறான். ஆனால் விண்ணப்பப் பாரத்தின் கடைசியில் என்ன இருக்கிறது? உண்மையை மறைத்தது தெரிந்தால் வேலையிலிருந்து நீக்குவோம் என்று கையெழுத்து வாங்குகிறார்கள். காட்டினால் வேலை கிடையாது, மறைத்தால் குற்றம். அதோடு, ரப்பர் மரம் சீவிய கையோடு அம்மா என்னைப் படிக்க வைத்தாள். அந்தப் படிப்பைத் திருட்டுப் பொருள்போல் ஒளித்து வைக்க என்னால் முடியாது, வைக்கவும் மாட்டேன்.

பட்டதாரி வேண்டாம் என்றால் விளம்பரத்திலேயே தைரியமாகப் போடுங்கள். பட்டர்வொர்த்திலிருந்து வருகிறவன் பினாங்குப் பாலத்துக்கு 5.74 வெள்ளி டோல் கட்டி, பெட்ரோல் போட்டு, சட்டை தேய்த்துக்கொண்டு வருகிறான். ரெசுமேயைப் பார்த்துத்தானே கூப்பிட்டீர்கள்? அதில் மாஸ்டர்ஸ் அன்றைக்கும் இருந்தது.